சுகம் தருஞ் சூடு

'சூடு' என்னும் சொல் நம் மொழியில் இரு முகங் கொண்டது. மாரிகாலத்து விடியற்காலையில் ஒரு மிடறு சூடான கோப்பி என்னும்போது அது சுகத்தைக் குறிக்கின்றது. மாட்டுக்குச் சூடு போட்டார்கள் என்னும்போது வேதனையைக் குறிக்கின்றது. நோவுக்கு நாம் இடும் ஒத்தணம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது. சுகம் எங்கே முடிந்து வேதனை எங்கே தொடங்குகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் பயன் தரும்.

நம் பாட்டிமார் ஆமணக்கிலையை அனலில் வாட்டி முழங்காலிற் கட்டினார்கள். தவிட்டையும் உப்பையும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றினார்கள். குதிக்கால் நோவென்றால், சூடாக்கிய செங்கல்லின்மீது எருக்கிலையைப் பரப்பிக் காலை வைக்கச் சொன்னார்கள். இம்முறைகளிலே இரண்டு காவல்கள் இருந்தன. ஒற்றுபவர் முதலில் தம் புறங்கையில் வைத்துப் பார்ப்பார், இது முதற்காவல். நேரஞ் செல்லச் செல்லத் தவிட்டு முடிச்சுத் தானாகவே ஆறிவிடும். இது இரண்டாவது காவல்.

இன்று கடைகளில் 'ஹீற்றிங் பாட்' என்ற பெயரில் விற்கப்படும் மின் ஒத்தண விரிப்பு வேறு வகையானது. துணியுறைக்குள்ளே மெல்லிய கம்பி வளைந்து வளைந்து செல்கின்றது. கம்பியின் தடையை எதிர்த்து மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கின்றது. ஆங்கில விஞ்ஞானி யூல் 1840ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கிய உண்மை இதுவே. சூடு மிகுந்தால் ஓட்டத்தைத் துண்டிப்பதற்கு வெப்பநிலை காட்டும் ஆளி ஒன்று உண்டு. சிலவற்றில் இரு உலோகங்களை ஒட்டிய கீலம் ஒன்று இவ்வேலையைச் செய்யும். ஓர் உலோகம் மற்றையதினும் கூடுதலாக விரிவதால், கீலம் வளைந்து மின்சுற்றைத் திறந்துவிடும். ஆறியதும் மீண்டும் நிமிர்ந்து மூடும். ஆகவே தவிட்டு முடிச்சைப்போல இது ஆறி அடங்குவதில்லை. நாம் நிறுத்தும்வரை, அல்லது நேர ஆளி உள்ளதாயின் அது நிறுத்தும்வரை, இரவு முழுவதும் சூடு தந்துகொண்டேயிருக்கும்.

சூடு பட்டதும் குருதிக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை தளர்கின்றது, நோவு தணிகின்றது. சூடு எல்லை கடந்தால் எச்சரிப்பதற்கு நம் தோலிலே இயற்கை ஒரு காவற்காரனை வைத்திருக்கின்றது. நரம்பு நுனிகளிலுள்ள ஒருவகை வாங்கி, ஏறக்குறைய 43 பாகை செல்சியசைத் தாண்டியதும் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்பும். மிளகாயின் உறைப்பை உணர்த்துவதும் இதே வாங்கிதான். 1997ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்த குழுவின் தலைவரான அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

காவற்காரன் குரல் கொடுக்காவிட்டால் என்ன நேரும்? 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மொறிற்ஸ், ஹென்றிக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. 60 பாகைச் சூடு தோலைச் சுடுவதற்கு ஐந்து வினாடியளவு போதும். 44 பாகைச் சூடோ தொட்டவுடன் இதமாகவே தோன்றும். ஆயினும் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் அதுவும் தோலை அழித்துவிடும். ஆறு மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம் அல்லவா? சுடாத சூடும் சுடும் என்பதை இவ்விடத்தில் நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

நீரிழிவு நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இது நூலறிவோடு நிற்கும் செய்தியன்று. பலருக்குப் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. கால் குளிர்வதுபோலத் தோன்றும். சூடு பட்டாலோ தெரியாது. எங்கள் அயலிலே முதியவர் ஒருவர் மார்கழிக் குளிருக்குச் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்கினார். காலையிற் கொப்புளங் கண்டவர் அவரல்லர், அவருடைய மருமகள்தான். அந்தப் புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் சென்றன.

என் தாயாருக்கும் நீரிழிவும் முழங்கால் நோவும் உண்டு. கனடாவிலுள்ள என் தங்கை அவருக்கு ஒரு விரிப்பை அனுப்பியிருந்தாள். "தம்பி, பிள்ளை ஆசையாய் அனுப்பின சாமானைப் பெட்டிக்குள்ளையே வைச்சிருக்கிறாய்" என்று அம்மா குறைப்பட்டார். பெட்டியில் எழுதியிருந்தது 120 வோல்ற்று. நம் வீடுகளுக்கு வருவது 230. அழுத்தம் கூடும்போது வலு அதன் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்பது மாணவர் அறிந்ததே. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த விரிப்பு தனக்குரிய சூட்டிலும் மூன்றரை மடங்குக்கு மேலாகச் சூடேற முற்படும். செருகியை மாற்றுவதால் இது மாறாது. வெளிநாட்டிலிருந்து அன்போடு வரும் பொருள்களின் எண்ணை முதலில் வாசித்துப் பார்ப்பது அன்புக்குக் குறைவாகாது.

பின்னர் 230 வோல்ற்றுக்குரியதும், நேரம் முடிந்தால் தானே நிற்பதுமான ஒன்றை இங்கேயே வாங்கினேன். வைத்தியர் மெல்லிய நைலோன் இழையால் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்து, பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதையும் முழங்காலில் அது நன்றாயிருப்பதையும் சொன்னார். ஆகவே பாதத்துக்கு விரிப்பு இல்லை. முழங்காலுக்கு ஒரு துணி இட்டு, குறைந்த சூட்டில், இருபது நிமிடம் மாத்திரம். என் மகள் மணிக்கூட்டைப் பார்த்தபடி அருகே இருப்பாள். இடையில் ஒருமுறை விரிப்பை உயர்த்தித் தோல் சிவந்துள்ளதா என்றும் பார்ப்பாள்.

வேறு சில விதிகளையும் சுருங்கச் சொல்லலாம். விரிப்பை நோவுள்ள இடத்தின் மேலே வைக்க வேண்டும், அதன்மீது படுத்தலாகாது. உடலின் கீழ் அழுந்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி மிகும். மடித்தாலும் அப்படியே, கம்பியும் முறியும். தைலம் பூசிய இடத்தில் வைக்கலாகாது. உறை நனைந்தாலோ கம்பி தேய்ந்தாலோ விரிப்பைக் கைவிட வேண்டும். குழந்தைகளுக்கும், சொல்லத் தெரியாத நோயாளருக்கும் இது உதவாது. சுளுக்கி வீங்கிய முதல் இரண்டு நாளும் குளிர் ஒத்தணமே தக்கது. காய்ச்சலோடு வயிற்றுநோவு வந்தால் சூடு வைத்துக் காலங் கடத்தாது வைத்தியரிடஞ் செல்க. சுடுநீர்ப் பையாயின் கொதிநீரைத் தவிர்த்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாது, காற்றை வெளியேற்றி மூடுக.

கருவி எத்துணை நுட்பமாயினும் அதற்குத் தெரிவது தன் சூடு மாத்திரமே. நம் பெற்றோரின் தோல் என்ன உணர்கின்றது என்பது அதற்குத் தெரியாது. அதனை அறியவல்லது அருகிலிருப்பவரின் கையே. ஒத்தணம் பிடித்த பாட்டி தன் புறங்கையில் ஒற்றிப் பார்த்த அந்தக் கணத்தை, மின்சாரம் வந்துவிட்டது என்பதற்காக நாம் கைவிடுதல் ஆகாது.