யானை இழுத்தும் நிமிராத லிங்கம்... திருப்பனந்தாள் சொல்லும் ஸ்போர்ட்ஸ் கோட்டா பாடம்!

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் பஸ்ஸில் ஏறினால், இருபுறமும் வயல் பார்த்துக்கொண்டே திருப்பனந்தாளில் இறங்கிவிடலாம். சம்பந்தர் பாடிய தலம். பெயருக்கு ஏற்றபடி தலவிருட்சமும் பனைதான்.

செஞ்சடையப்பர் கோயிலுக்குப் போனால் முதலில் சொல்வது சாய்ந்த லிங்கத்தின் கதையைத்தான். தாடகை என்ற பக்தை மாலை சாத்தும்போது ஆடை நெகிழ, அவளுக்காகச் சிவன் தலை சாய்த்தாராம். நிமிர்த்த வந்த மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் முடியவில்லை. கடைசியில் குங்கிலியக் கலய நாயனார் கயிற்றைத் தன் கழுத்தில் கட்டி இழுக்க, லிங்கம் நிமிர்ந்தது. படைபலம் தோற்ற இடத்தில் அன்பு ஜெயித்தது என்பார்கள்.

ஊரின் இன்னொரு அடையாளம் காசி மடம். 17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் தொடங்கிய மடத்தின் தலைமையிடம் இன்று இங்கேதான். மடத்தின் கல்லூரியும் இங்கு உண்டு. பல்கலைக்கழகங்களில் பரிசுகளுக்காக இம்மடம் நிறுவிய அறக்கட்டளைகள் பெயர் பெற்றவை. இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கொடுப்பவர் பணத்தைக் கல்வி நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். யாருக்குப் பரிசு என்பதை விதிதான் சொல்லும்.

விதியில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி அணிக்குப் பணம் கொட்டும் பணக்கார ரசிகர்களுக்கு ‘பூஸ்டர்’ என்று பெயர். டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பூஸ்டர்கள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது அம்பலமானது. 1987-ம் ஆண்டு கால்பந்து சீசனையே ரத்து செய்தார்கள். மறுவருடமும் அணி ஆடவில்லை. பணம் வாங்காத மாணவர்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள். காலம் மாறி, 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரவும் வழி வந்துவிட்டது.

நம்ம டெல்டாவுக்கு இதில் என்ன என்கிறீர்களா? இங்கே ஊருக்கு ஊர் கபடி உண்டு. நன்றாக ஆடும் பிள்ளைக்கு ப்ளஸ் டூ முடிக்கும் முன்பே அழைப்பு வரும். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய வாசல். ஆனால், பல நேரம் எல்லாமே வாய்வார்த்தைதான். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட முடியாமல் போனால் அடுத்த வருட ஃபீஸ் யார் கட்டுவது?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கு விதிகள் உண்டு. முழுநேர மாணவரா, வயது வரம்புக்குள் இருக்கிறாரா, முழுநேர வேலையில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவை பெரும்பாலும் யார் ஆடலாம் என்பதற்கான விதிகள். உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது அவற்றின் வேலை இல்லை.

எனவே சேரும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். சலுகை எத்தனை வருடத்துக்கு? காயம்பட்டாலும் தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது? கல்லூரி மாறினால் சான்றிதழ்களைத் தடையில்லாமல் தருவார்களா? வெளியார் யாராவது செலவை ஏற்பதாகச் சொன்னால், பணம் கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும். ரசீது உங்கள் கைக்கு வரட்டும். விளையாட்டு வீரர்களுக்குத் தனியார் உதவி வந்து சேர, 2023-ல் அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் இருக்கிறது.

திருப்பனந்தாளுக்குப் போனால் செஞ்சடையப்பரையும் பெரியநாயகி அம்மனையும் தரிசித்துவிட்டு வாருங்கள். வீட்டில் கபடி ஆடும் பிள்ளை இருந்தால் கூடவே கூட்டிப் போங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல என்பதை பஸ்ஸிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்!