கழல வேண்டிய கவசம்

கவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவன் கர்ணன். உடலோடு பிறந்த கவசத்தை அறுத்துக் கொடுத்ததால் அவன் வீழ்ந்தான்; கொடுத்ததாலேயே அவன் புகழும் நின்றது. எப்படிப் பார்த்தாலும், கவசத்தை இழப்பது கேடு என்பதே அக்கதை நமக்குப் பழக்கியிருக்கும் எண்ணம். இதற்கு நேர்மாறான கவசம் ஒன்றும் உலகில் உண்டு. உரிய கணத்தில் கழன்று விழாவிட்டால் அது தன்னுள் இருப்பதையே அழித்துவிடும். தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம், நாற்பது வயதைக் கடந்த பின்னர், பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் மகனுடைய கம்ப்யூட்டர் விளையாட்டின் வாயிலாக இதை அறிந்தோம்.

வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்ற நமக்கு ராக்கெட்டோடு இருந்த உறவு, தீபாவளியன்று அதைப் பாட்டிலில் செருகித் திரியைக் கொளுத்துவதோடு முடிந்திருந்தது. ஆதலால் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற அந்த விளையாட்டை மகன் முதன்முதல் காட்டியபோது, பச்சை நிறக் குள்ளர்களைக் கண்டு, இது குழந்தைகளுக்கான கேலிப் படம் என்றே எண்ணினோம். மெக்சிகோ நாட்டில் ஸ்க்வாட் என்ற நிறுவனத்தில் உருவாகி, 2011ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது அது. குள்ளர்கள் வேடிக்கையானவர்கள், அவர்கள் வாழும் உலகின் இயற்கை விதிகள் வேடிக்கையானவை அல்ல. கெர்பின் என்னும் அவர்களுடைய கோளுக்கு ஆரம் 600 கிலோமீட்டர். காற்று மண்டலம் 70 கிலோமீட்டர் உயரம் வரை. அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போய், விழாமல் சுற்றி வருவதற்கு வேண்டிய வேகத்தை எட்ட வேண்டும். கணக்குப் பிசகினால் தீப்பிழம்புதான்.

2015 ஏப்ரலில் வந்த பதிப்பில்தான் கவசம் கட்டும் வசதி சேர்ந்ததாம். அதைக் கட்டும் முறை நம்மைப் பெரிதும் கவர்ந்தது. ராக்கெட்டின் தலையில் வட்டமான அடித்தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைக்கோளை அமர்த்துகிறார்கள். பிறகு சுட்டியை மேல்நோக்கி நகர்த்தி ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு வளையம் எழும்புகிறது. அகலமாக இழுத்தால் வயிறு பெருக்கும்; உள்ளே தள்ளினால் கழுத்துச் சிறுக்கும்; இறுதியில் கூம்பாகக் குவிந்து வாய் மூடிக்கொள்ளும். சக்கரத்தில் குயவர் பானை வனையும்போது மண் விரலுக்கு இணங்கி உயர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பானையை மட்டும் இங்கே கவிழ்த்து வனைகிறார்கள். வயிறு பெருத்தால் எடை கூடும். காற்றின் எதிர்ப்பும் கூடும். இடுக்கிக் கட்டினாலோ உள்ளிருக்கும் பொருளுக்கு இடம் போதாது. மகன் ஒரு மாலை முழுவதும் கட்டுவதும் கலைப்பதுமாக இருந்தான். வீட்டுப் பாடத்தில் அத்தனை பொறுமையை நாம் கண்டதில்லை என்பதை இங்கே குறித்துவைப்பது பொருந்தும்.

கவசத்தின் வேலை காற்று உள்ள வரையில்தான். மெல்லிய சூரியத் தகடுகளும் ஆண்டெனாக்களும் அந்த வேகத்தில் வெளியே இருந்தால் பிய்ந்து போகும். காற்று அற்றுப்போன பிறகு கவசம் வெறும் சுமை. மெய்யான ராக்கெட்டுகளிலும் இதே கதைதான்: உராயும் காற்றின் வெப்பம் சதுர மீட்டருக்கு 1135 வாட் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் கவசத்தை உதறிவிடலாம் என்பது பல நாட்டுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. விளையாட்டில் கவசம் இரண்டு சிப்பி ஓடுகளைப் போலப் பிளக்க வேண்டுமா, பல துண்டுகளாகச் சிதற வேண்டுமா, எவ்வளவு விசையோடு விலக வேண்டும் என்பதையெல்லாம் கட்டுபவனே முடிவு செய்யலாம். திரையின் ஓரத்தில் அடுக்கடுக்காகச் சின்னங்கள் இருக்கும். எந்த அடுக்கில் எது இயங்க வேண்டும் என்பதை அங்கே வரிசைப்படுத்த வேண்டும். இடைவெளி விசையை அழுத்த அழுத்த, அடுக்குகள் ஒவ்வொன்றாக இயங்கும்.

மகனின் முதற்பெரும் ராக்கெட் அழகாகவே எழும்பியது. ஆனால் வரிசையில் கவசத்தின் சின்னம், செயற்கைக்கோளை விடுவிக்கும் சின்னத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அவன் விசையை அழுத்தினான். செயற்கைக்கோள் பிரிந்தது, கவசம் பிரியவில்லை. மூடிய பானைக்குள் விழுந்த கோலிக்குண்டு போல அது உள்ளேயே முட்டி மோதிக்கொண்டிருந்தது. தகடுகளை விரிக்கச் சொன்னால், கவசத்துக்குள் இருக்கும் வரை விரிக்க இயலாது என்று திரை மறுத்தது.

அவன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 2017 ஆகஸ்ட் 31ஆம் நாள் இரவு ஏழு மணி நம் கண்முன் வந்து நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-39 அன்று புறப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் தலையில் 1425 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1-ஹெச். அணுக் கடிகாரங்கள் பழுதுபட்ட முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளுக்கு மாற்றாகச் செய்யப்பட்டது அது. புறப்பட்ட மூன்று நிமிடங்களுக்குச் சற்றுப் பின் வெப்பக் கவசம் கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை. ஏறத்தாழ ஒரு டன் வீண்சுமையைத் தூக்கிக்கொண்டே ராக்கெட் மேலே போயிற்று, வேகம் குறைந்தது. கட்டளைப்படி செயற்கைக்கோள் தன் பிடியிலிருந்து விடுபட்டது, ஆனால் கவசத்துக்குள்ளேயே. சிறையிலிருந்து விடுதலை ஆணை பெற்றவன் வாயிற்கதவு பூட்டியிருப்பதைக் கண்டது போல. அப்படியே பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, 2019 மார்ச்சில் காற்று மண்டலத்தில் எரிந்தழிந்தது. எத்தனை பேருடைய எத்தனை ஆண்டு உழைப்பு! அடுத்த செயற்கைக்கோள் 2018 ஏப்ரலில் செவ்வனே நிலைபெற்றது என்பது ஆறுதல்.

இந்தச் செய்தியை மகனுக்குச் சொன்னோம். அந்த நாளில் ஆறு வயதுச் சிறுவனாக இருந்த அவனுக்கு அது நினைவில் இல்லை. “இஸ்ரோக்காரங்களுக்கே இப்படி ஆயிருக்காப்பா?” என்று கேட்டுவிட்டு, அவனே தேடிப் படித்து மறுநாள் அமெரிக்கக் கதையைக் கொண்டுவந்தான். அந்தக் கதைதான் நம்மைத் தூங்க விடாமல் செய்தது.

2009 பிப்ரவரி 24 அன்று நாசா ஏவிய, கரியமில வாயுவை அளக்கும் செயற்கைக்கோளுக்கும் இதே கதி: கவசம் பிரியவில்லை, கடலில் விழுந்தது. 2011 மார்ச் 4 அன்று குளோரி என்ற செயற்கைக்கோளுக்கும் அதே வகை ராக்கெட்டில் அதே முடிவு. கவசம் பிரியும் இடத்தில் ஓர் அலுமினியப் பட்டை இருக்கும். அதன் நடுவே குழாய், குழாய்க்குள் வெடிநூல். வெடிக்கும்போது குழாய் உப்பி, பட்டையை அதற்கென்று செதுக்கிய பள்ளத்தின் வழியே முறித்துவிட வேண்டும். பட்டை குறித்த வலிமையோடு இருந்தால்தான் குறித்தபடி முறியும். அந்த அலுமினியத்தைச் செய்து கொடுத்தவர்கள், விதித்த அளவை எட்டாத சோதனை முடிவுகளை எட்டியதாகத் திருத்திச் சான்றிதழ் கொடுத்து வந்தார்கள் என்பதை நாசா 2019இல் வெளியிட்டது. 19 ஆண்டுகள் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு பயணங்களிலும் சேர்ந்த இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்ட தொகை 4 கோடியே 60 லட்சம் டாலர்.

ஒரு தாள், அதில் சில எண்கள், கீழே ஒரு கையெழுத்து. நம்முடைய வாழ்க்கையே இத்தகைய தாள்களோடு கழிவதன்றோ! சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் அலுவலகத்தில் நாம் இருந்தபோது, மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அறுபது எஃகு நாற்காலிகளுக்கான பில் ஒன்று நம் மேசைக்கு வந்தது. “பொருள்கள் எண்ணிப் பார்க்கப்பட்டன, தரம் சரியாக உள்ளது, இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன” என்று அதன் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாற்காலிகள் வரவில்லை. வண்டி வழியில் இருக்கிறது என்றார்கள். நிதியாண்டு முடிந்தால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்றார்கள். வண்டி வரட்டும், எண்ணிவிட்டு எழுதுகிறோம் என்றோம். பதினைந்து நாளில் நம் இருக்கை பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு மாறியது. தூசு நமக்கு ஒத்துக்கொள்ளாது; அந்த ஆண்டு முழுவதும் இருமல். வீட்டில், “ஒரு கையெழுத்துத்தானே, ஊரே போடுகிறது” என்று நம் துணைவியார் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலியால் யாரும் கடலில் விழப்போவதில்லை.

மகனிடம் இதுவரை சொல்லாத இந்தக் கதையை அன்று சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அலுமினியப் பட்டையின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கினவங்க யாருமே திரும்பச் சோதிச்சுப் பார்க்கலையாப்பா?” என்று மட்டும் கேட்டான். சான்றிதழ் என்பதே, திரும்பச் சோதிக்க வேண்டாம் என்பதற்காகக் கொடுப்பது என்றோம்.

அடுத்த ஞாயிறன்று அவன் புதிய ராக்கெட்டோடு வந்தான். கவசத்தை இம்முறை ஒல்லியாக வனைந்திருந்தான். அடுக்கு வரிசை தவறினாலும் கவசத்தை உதற, தனியாக ஓர் எண் விசையையும் அதனோடு இணைத்திருந்தான். கூடவே, கோடு போட்ட நோட்டில் பதினொரு வரிகள். கடைசியில் ‘சரிபார்த்தவர்’ என்று ஓர் இடம். “இதில் நீங்க கையெழுத்துப் போடுங்கப்பா, ஏவிடறேன்” என்றான்.

ஒவ்வொன்றையும் திரையில் காட்டச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே காட்டினான். ஏழாவது வரியில், செயற்கைக்கோளின் மின்கலம் நிரம்பியது என்று எழுதியிருந்தது. திரையில் அது பாதிக்குக் கீழே இருந்தது. நிரப்பிவிட்டு மீண்டும் முதல் வரியிலிருந்து காட்டினான். கையெழுத்திட்டுத் தேதியும் போட்டோம். சாப்பாடு ஆறுகிறது என்று உள்ளிருந்து இரண்டாம் முறை குரல் வந்தபோது, ராக்கெட் இருபது கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.