ரைஸ் குக்கர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

மின்னியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ரைஸ் குக்கரைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. தில்லைநாதன் லோகேந்திரனும் பேராசிரியர் தீப்தி சீனிவாசனும் இன்னொருவருடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை அது. மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும்போது சில வேலைகளைச் சற்றுத் தள்ளிப்போட்டுச் சுமையைக் குறைப்பது எப்படி என்று அது ஆராய்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு 14 வகைச் சாதனங்கள்: துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, காற்றாடி... நடுவே நம் வீட்டு ரைஸ் குக்கர்!

லோகேந்திரன் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர்ப் பிரிவில் கற்பித்தவர். அவருடைய ஆய்வுகளில் சூரியத் தகடு, மின்கலம், மின்சுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் முகவர் உண்டு. அந்த முகவர்கள் தங்களுக்குள் பேரம் பேசி முடிவுக்கு வருகின்றன. கணினிக்குள் ஒரு தேக்கா சந்தை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதெல்லாம் எதற்கு? சூரியன் யார் சொல்லையும் கேட்பதில்லை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதைக் கூட்டலாம், குறைக்கலாம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-இல் திறக்கப்பட்ட 60 மெகாவாட் மிதக்கும் சூரிய நிலையமோ, மேகம் ஒன்று கடந்தால் சில நிமிடங்களில் சரிந்துவிடும். அப்போது எரிவாயு ஆலை ஈடுகட்ட வேண்டும். அல்லது ஜூரோங் தீவில் 2023-இல் திறக்கப்பட்ட மின்கலத் தொகுதி கைகொடுக்க வேண்டும். அதுவும் போதாதென்றால், யாராவது காத்திருக்க வேண்டும்.

யார் காத்திருப்பது என்பதைத்தான் கட்டுரையின் வழிமுறை தீர்மானிக்கிறது. 2,600-க்கும் மேற்பட்ட சாதனங்களை எந்தெந்த மணிக்கு ஓட்டலாம் என்று எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்து முடியாது. அதனால் சில அட்டவணைகளை உருவாக்கி, நல்லவற்றைக் கலந்து, மட்டமானவற்றைக் கழித்து, மறுபடியும் கலக்கிறார்கள். உருவகச் சோதனையில் குடியிருப்புப் பகுதியின் உச்சத் தேவை சுமார் 18 விழுக்காடு குறைந்தது. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் 'இதை இவ்வளவு நேரம் தள்ளலாம்' என்ற எண்ணை யார் தருவது? சிராங்கூன் சாலையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் சமையற்காரரிடம் கேட்டேன். "தம்பி, பதினொன்றரைக்குச் சோறு இறங்கலன்னா, பன்னிரண்டுக்கு வர்ற ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

என் அம்மா ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார். காலை நாலு மணிக்கு அவர் சமைக்கும்போது எந்தக் கணினியும் தொந்தரவு செய்யாது, ஊரே தூங்குகிறது. சிக்கல் இரவு எட்டு மணிக்குத்தான். எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் எரியும் நேரம் அது. ஒன்பதுக்குள் சாப்பிட்டுப் படுத்தால்தான் அவரால் நாலு மணிக்கு எழ முடியும். காத்திருக்க நேரம் உள்ளவருக்குத் தள்ளுபடி, இல்லாதவருக்கு உச்ச விலை என்றால், அதை நல்ல அட்டவணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவிடம் விளக்கத் தமிழ்ப்பள்ளியில் படித்த 'மின்சுற்று' உதவியது. தேசியப் பள்ளியில் அது 'லித்தார்' ஆனது, இங்கே 'சர்க்கிட்'. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு குறையும்னு சொல்லு, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

முனைவர் பட்டத்துக்குப் போவதென்றால் இதைத்தான் எடுப்பேன். வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. இப்போதைக்கு இறுதியாண்டுத் திட்டத்தில் ரைஸ் குக்கருக்கு எதிரே, வார நாள்களில் இரவு ஏழு முதல் ஒன்பது வரை, தாமதம் சுழியம் என்று போட்டிருக்கிறேன். ஞாயிறென்றால் இரண்டு மணி நேரம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மேற்பார்வையாளர் கேட்டார். நாற்பது வீடுகளில் கேட்டு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். தேக்காவைச் சுற்றியுள்ள புளோக்குகளில் இதுவரை பதினொரு வீடுகள் முடிந்திருக்கின்றன.