அண்ணன் ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி

என் அண்ணனுக்கு 43 வயதில் மாரடைப்பு வந்தது. புகை இல்லை, மது இல்லை, இனிப்புநீர் இல்லை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு 'நார்மல்'. அந்தத் தாளை அண்ணி இன்னும் வைத்திருக்கிறார்.

அப்பா 48 வயதில் போனார். கூலாய் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. "நம்ம வீட்டு ஆம்பளைங்க ராசி அப்படி" என்பார் அத்தை.

ஸ்டென்ட் வைத்த பிறகு, இதய நிபுணர் அண்ணனுக்கு இரண்டு பரிசோதனைகள் எழுதினார்.

ஒன்று, 'அப்போ பி'. நம் ஜோகூர் பாலத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பரிசோதனை, லாரிகளில் உள்ள சரக்கை எடை போடுகிறது. அப்போ பி லாரிகளை எண்ணுகிறது. ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் கணக்கு தப்பாது. சரக்கு குறைவாக இருந்தாலும் லாரிகள் அதிகமானால் பாலத்தில் நெரிசல்தானே! இனிப்புநீர், டிரைகிளிசரைடு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

மற்றொன்று, 'எல்பி லிட்டில் ஏ'. 1963இல் நார்வேக்காரர் கோரே பெர்க் கண்டுபிடித்தது. பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும். ரொட்டி சானாயை விட்டாலும் தினமும் ஓடினாலும் அதிகம் இறங்காது. ஐந்தில் ஒருவருக்கு அதிகம் என்கிறார்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு இன்னும் கவனம் தேவை. வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2019 வழிகாட்டி.

அண்ணனுக்கு அப்போ பி பரவாயில்லை. எல்பி லிட்டில் ஏ 210 நானோமோல். 125ஐத் தாண்டினாலே அதிகம்.

நானும் எடுத்தேன். 180. ஆம்பளைங்க ராசியாம்!

இறக்க முடியாததை ஏன் அளக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்டிஎல், ரத்த அழுத்தம் ஆகியவற்றை இறக்க முடியுமே. 'நார்மல்' என்று இருந்த என் எல்டிஎல்லுக்கு டாக்டர் இன்னும் தாழ்ந்த இலக்கு வைத்து, ஸ்டேட்டின் மாத்திரையும் கொடுத்தார். வழக்கமான பேக்கேஜில் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் இருக்காது. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் நாமே கேட்டு எடுக்க வேண்டும்.

பத்து பகாட்டில் படிக்கும் அண்ணன் மகள் அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறாள். லேப்புக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும், "வெறும் வயித்தோட வரணுமா அத்தை?" என்றாள். இதற்குத் தேவையில்லை, பசியாறிவிட்டே வா என்றேன்.