லேடீஸ் பெட்டியில் ஒரு சமையலறை

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் ரயில் ஏறியிருக்கீங்களா தோழிகளே? கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும், மடியில் பேப்பரை விரித்து பீன்ஸுக்கு நார் எடுப்பார்கள், பூண்டு உரிப்பார்கள். கோடம்பாக்கம் வருவதற்குள் கால் கிலோ பூண்டு காலி! 'என்ன சுறுசுறுப்பு'ன்னு நானும் ரசிச்சிருக்கேன்.

போன மாசம் பக்கத்து சீட் அக்கா ஒரு விஷயம் சொன்னார். ஆபீஸில் டீம் லீடர் பதவி தேடி வந்ததாம். ராத்திரி எட்டு வரை இருக்கணும். வேணாம்னுட்டார்.

"வீட்ல யாராவது தடுத்தாங்களாக்கா?"

"சேச்சே... அவர் தங்கமானவர்மா. 'உன் இஷ்டம்'னுட்டார். எட்டரை மணிக்கு டிபன் யார் பண்றதுன்னு அவரும் கேக்கலை, நானும் கேக்கலை."

சுருக்கென்றது. யாராவது தடுத்திருந்தால் சண்டையாவது போடலாம். இதில் யாரோடு போடுவது?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88. அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களோட சராசரிதான் இது. மத்தவங்க இந்தக் கணக்குலயே வரலை!

எங்க வீடு மட்டும் என்ன வாழுதாம்? நானும் தம்பியும் ஒரே நேரத்துக்குத்தான் ஆபீஸிலிருந்து திரும்பறோம். அவன்கிட்ட "டயர்டா இருக்காடா?" என்கிட்ட "சட்னிக்குத் தேங்காய் துருவிடறியா?"

அடுத்த மாசம் என்னைப் பெண் பார்க்க வர்றாங்க. "பொண்ணு வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை"ன்னு போனில் பெருந்தன்மையாகச் சொன்னாங்களாம். அந்த எட்டரை மணி டிபனைப் பத்தி நான் கேட்கத்தான் போறேன். "முதல் நாளே எல்லாத்தையும் கேக்காதேடி"ன்னு அம்மா இப்பவே கெஞ்ச ஆரம்பிச்சுட்டாங்க.

முந்தாநாள் பீன்ஸ் பையைத் தம்பி முன்னால் வைத்தேன். பாவம், முயற்சி பண்ணினான். நாரை வெச்சுக்கிட்டு பீன்ஸைத் தூக்கிப் போட்டான்! பத்து பீன்ஸ்கூட முடியலை. அம்மா ஓடி வந்து தட்டைப் பிடுங்கிட்டாங்க.

"ஆம்பளைப் பையன்கிட்ட போய்... குடு, நான் பாத்துக்கறேன்."

அம்மாவும் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்திருந்தாங்க. ஹேண்ட்பேக்கைக்கூடத் தோளிலிருந்து இறக்கலை.