இருபத்தாறு

நவம்பர் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே என் கட்டைவிரல் தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். மூன்று குறில் ஒரு நெடில். இரண்டு குறில் ஒரு நெடில். நான்கு குறில் ஒரு நெடில். மோர்ஸில் வி, யூ, நான்கு. அந்தமான் நிக்கோபாரில் ஹாம்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், அழைப்புக்குறி இப்படித்தான் தொடங்கும். போர்ட் பிளேரில் வேலை பார்த்த காலத்தில் அதைத் தட்டும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது.

சி.க்யூ. வேர்ல்ட் வைட் மோர்ஸ் போட்டி சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி 48 மணி நேரம் நடக்கும். அகப்படும் ஒவ்வொருவருக்கும் 599 என்ற ஒலித்தரக் குறிப்போடு நம் மண்டல எண்ணைக் கொடுக்க வேண்டும். சென்னைக்கு 22, அந்தமானுக்கு 26. ஹாம்களின் பட்டியலில் அந்தமான் தனி நாடாகவே எண்ணப்படும். அங்கிருந்து ஒலிப்பவர் அபூர்வம். ஒருமுறை அழைத்துவிட்டுக் கேட்டால் போதும், காதுக்குள் தேனீக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். அத்தனை பேரும் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.

போர்ட் பிளேர் வீட்டின் பின்கட்டில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே செம்புக் கம்பி டைபோல் ஆன்டெனா, முனைக்கு முனை 20 மீட்டர். மரமேறிக் கட்டியவர் பக்கத்து வீட்டு ராமநாதபுரத்து அண்ணன். 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தின் குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் சுனாமி வந்தது. தொலைபேசி செத்துப்போன அந்த நாட்களில், தீவில் உயிரோடு இருப்பவர்களின் சேதியை அவர்களுடைய வானொலிதான் கரைக்குச் சொன்னது. அண்ணனுக்கு அது மறக்கவில்லை. உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்தால் உப்புத்தாளோடு அவரே வந்து நிற்பார்.

“இன்னைக்கு எந்த ஊரு தம்பி?”

“பின்லாந்துண்ணே.”

“அங்க பனியா இருக்கும்ல?” என்பார், உறவுக்காரர் ஊரை விசாரிப்பதுபோல.

மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எங்களுக்கு அந்தி, அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு விடியல். ஒளியும் இருளும் கூடும் அந்தக் கோட்டை ஒட்டி 40 மீட்டர் அலைவரிசை கொஞ்ச நேரம் திறக்கும். மெல்லிய, நடுங்கும் ஒலி ஒன்று கிணற்றடியிலிருந்து ஏறுவதுபோல் மேலே வரும். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பேன். அதற்குப் பின்னால் வேறு சத்தமே இருக்காது. அந்த அமைதியைத்தான் நான் எங்கும் திரும்பக் காணவில்லை.

இப்போது சென்னையில் அடுக்குமாடி. மொட்டைமாடியில் கம்பி கட்டக் கூடாது என்கிறார்கள். பால்கனியில் ஓர் ஆள் உயரக் குச்சி ஆன்டெனா நிற்கிறது. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாமாகச் சேர்ந்து நாள் முழுக்க ஹெட்போனில் மாவு சலிக்கின்றன.

போன ஆண்டும் ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். இரைச்சலுக்கு அடியில் ஒருவர் மெதுவாகத் தட்டினார்: 599, 26. நெஞ்சு ஒரு கணம் எகிறியது. தாய்லாந்துக்காரர், அவர்களுக்கும் அதே மண்டலம்தான். மோர்ஸ் கீயின் மேல் இருந்த விரலைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டு, அவருக்கு 22 கொடுத்தேன்.