இன்னொருவர் வீட்டு மீட்டர்

நம் ஊர்களில் பழைய வீடுகள் பலவற்றுக்கு இரண்டு கதவு எண்கள் உண்டு. நகராட்சியார் வீடுகளை மீண்டும் எண்ணியபோது தந்த புதிய எண் தகட்டில் இருக்கும். பாட்டனார் காலத்து எண் நிலைப்படியில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்தும் மறையாமலும் தெரியும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டின் பழைய எண் 14, புதிய எண் 31. இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்று யாரும் கேட்கலாம்.

2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை தமிழகம் முழுவதும் மின் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணை இணைக்கும் பணி நடந்ததைச் சகோதர சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 2 கோடியே 67 லட்சம் இணைப்புகள். மறைந்தவர் பெயரிலும், வீட்டை விற்றுப் போனவர் பெயரிலும் இருந்த இணைப்புகள் எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. நாங்கள் முதல் வாரத்திலேயே இணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ஜனவரி மாதத்தில் ஒருநாள் லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மின் அலுவலக ஊழியரான இளைஞர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். “பாய், உங்கள் கதவு எண்ணில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மூன்று தவணை பாக்கி. அந்த மீட்டர் எங்கே?” என்றார். வீடு முழுவதையும் திறந்து காட்டினோம். இருந்தது ஒரே மீட்டர்தான். அந்த இரண்டாவது இணைப்பு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. எங்கள் தெருவில் அப்பெயருடையார் யாரும் இல்லை.

அவர் சென்ற பிறகு என் துணைவியார் கேட்டதுதான் என்னை உறுத்தியது. “வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்திற்கு நூறு யூனிட் இலவசம் அல்லவா? அப்படியானால் ஏட்டின்படி நாம் இரண்டு நூறு யூனிட் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதானே ஆகும்?” 2016 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள சலுகை அது. ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்துக்கொண்டு இருமுறை அதைப் பெறுவது முறையன்று. இரண்டு இணைப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாலோ, கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிக் கட்டண விகிதமே மாறிவிடும். நாம் எரிக்காத விளக்குக்கு நாம் பணம் கட்ட நேரும்.

மறுநாள் அலுவலகத்திற்குச் சென்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். வேலை நெருக்கடியிலும் உட்காரச் சொல்லிவிட்டு எளிய வழி ஒன்றைக் கூறினார். “இந்த இணைப்பு எனக்குத் தேவையில்லை என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுங்கள் பாய், நீக்கிவிடுகிறோம்.”

ஒரு வரிதான். ஆனால் அந்த இணைப்பு என்னுடையதன்று. எனக்கு உரிமை இல்லாத ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க எனக்கு எங்கிருந்து உரிமை வந்தது? அந்த மீட்டரின் மறுமுனையில் யாரோ ஒருவர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதே! திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், எழுதுபவரின் பொறுப்பையும், சாட்சிகளையும் பற்றியது. அதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறவன் நான். பதிவேட்டில் உள்ள மீட்டரின் வரிசை எண்ணையும் கம்பத்தின் எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பம் எங்கள் தெருவில் இல்லை, பின்தெருவில் இருந்தது. அதிலிருந்து போகும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, நான்காவது வீட்டில் நின்றேன். தறிச் சத்தம் கேட்டது. எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவரும் அவருடைய மகளும் அங்கே இருந்தனர். திண்ணைச் சுவரில் இருந்த மீட்டரின் முகப்பில், நான் குறித்து வந்த அதே எண்! அவ்வீட்டுக் கதவு எண் பழையது 31, புதியது 52. மின் அலுவலக ஏட்டில் அவர்கள் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் புதிய எண்ணுக்கு மாறி அதே இடத்தில் போய் அமர்ந்துவிட்டோம்.

“ஏனுங்க பாய், தறிக்காரங்களுக்குக் கரண்டு இலவசமுன்னுதானுங்க சொன்னாங்க? அதுதான் பில்லு வரலீன்னு நெனச்சுட்டு இருந்தமுங்க” என்றார் அம்மையார். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் இலவசம் என்ற சலுகை இருந்தது மெய்யே. 2023-இல் அது 300 ஆயிற்று. ஆனால் அவருக்கு அது கிடைக்கவேயில்லை. ஓராண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் எங்கள் வாசலில் நின்று, “இங்கே தறி இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுப் போனது என் துணைவியாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய கணக்கெடுப்பாளருக்கு வீடு பழக்கம். அவர் ஓய்வு பெற்ற பின் வந்தவர் எண் 31-ஐத் தேடி அலுத்து, ‘கதவு பூட்டு’ என்று குறித்துச் சராசரித் தொகையை ஏற்றியிருக்கிறார். குறுஞ்செய்திகளோ, மறைந்துவிட்ட கணவரின் கைபேசிக்குச் சென்றுகொண்டிருந்தன.

நான் அன்று அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், அவர்கள் வீட்டு விளக்கு அணைந்திருக்கும். ஏன் அணைந்தது என்பதும் அவர்களுக்கு விளங்கியிருக்காது.

இரு வீட்டாரும் சேர்ந்தே மனுக் கொடுத்தோம். தனித்தனியே கொடுத்திருந்தால் இரண்டு மேசைகளில் இரண்டு புகார்களாகக் கிடந்திருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள வீட்டு வரி ரசீதுகள், இரு வீட்டு வெள்ளை அட்டைகள், மீட்டர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்தோம். நேரில் வந்த பொறியாளர், எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்தெரு மீட்டரைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டேயிருந்தது. அதற்கு மேல் சாட்சியம் தேவைப்படவில்லை. மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்வது மிக அவசியம். வாய்ச்சொல் அடுத்த அலுவலர் வரும்வரைதான் நிற்கும்.

இத்தகைய சிக்கலில் அகப்பட்டவர்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நலம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும். 42-ஆம் பிரிவு நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தியுள்ளது. 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் 2021 முதல் புகார் பதிவு செய்யலாம். வீடு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விதிகளில் இடமிருந்தால், முந்தைய உரிமையாளரின் மின் பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 19 அன்று தீர்ப்பளித்தது. முகவரி தவறாக இருப்பதைச் சிறு விஷயம் என்று விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

எங்கள் மனு முடிவதற்குப் பத்து வாரங்களாயின. பின்தெரு இணைப்பு 52-ஆம் எண்ணுக்கு மாறியது. மீட்டரின் உண்மை அளவைக் கொண்டு மூன்று தவணைகளும் திருத்தப்பட்டன. சராசரியாக ஏற்றியதில் பாதிக்கும் குறைவாகவே கட்ட வேண்டியிருந்தது, மகள் அதைக் கட்டிவிட்டார். தறியைப் பார்க்க வந்தவர்கள் இம்முறை சரியான வாசலுக்கே சென்றார்கள். கணவர் பெயரிலிருந்து அம்மையார் பெயருக்கு இணைப்பை மாற்றும் வேலை மட்டும் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருந்தது. அதற்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அந்த மகளுடன் என் துணைவியாரும் இருமுறை சென்று வந்தார்.